தெற்காசியாவின் சலமந்தர்: எந்தப் பெயர், எந்த எல்லை?

சாம்பல்தீவு ரீச்சர் | 16 நவம்பர், மாலை 6.40

உயர்தர உயிரியல் பிள்ளைகள் தெற்காசிய ஈரூடகவாழிகள் பற்றிச் சுவர்ப்படம் ஒன்று செய்கிறார்கள். பல்லி போல வால் உள்ள ஈரூடகவாழியான சலமந்தர் பற்றிக் கையில் இருக்கிற பழைய குறிப்பில் "டைலோட்டோட்ரைட்டன் வெருகோசஸ், தெற்காசியாவின் ஒரே சலமந்தர், நேபாளம் முதல் வியட்நாம் வரை" என்று இருக்கிறது. ஒரு பிள்ளை இணையத்தில் தேடி, டார்ஜீலிங் படத்துக்குக் கீழே ஹிமாலயானஸ் என்று பெயர் போட்டிருப்பதைக் காட்டுகிறாள். இரண்டும் ஒரே விலங்குதானே? பழைய பெயரையே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டிக்களி | 16 நவம்பர், இரவு 9.15

ஒரே விலங்கு இல்லை, ரீச்சர். பிள்ளை சொல்வதுதான் சரி.

வெருகோசஸ் என்ற பெயர் சீனாவின் மேற்கு யுன்னானுக்குச் சொந்தம். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பொறுப்பாக இருந்த யோன் அண்டர்சன் 1868இல் யுன்னானுக்குப் போன பயணக்குழுவோடு சென்று, மோமியென் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இந்த விலங்கைக் கண்டார். மோமியென்னின் இன்றைய பெயர் தெங்சொங். 1871இல் சாதியையும் (genus) இனத்தையும் (species) ஒரே கட்டுரையில் விவரித்தார். அதற்குப் பிறகு கரும்பழுப்பு உடலும் முதுகின் இரு பக்கமும் குமிழ் வரிசையும் உள்ள எந்தச் சலமந்தர் கிடைத்தாலும், டார்ஜீலிங்கோ மணிப்பூரோ தாய்லாந்தோ, எல்லாவற்றையும் அந்தப் பெயருக்குள்ளேயே போட்டார்கள். உங்கள் குறிப்பில் உள்ள "நேபாளம் முதல் வியட்நாம் வரை" அந்தக் காலத்து எல்லை.

பிறகு ஒவ்வொரு துண்டாகப் பிரிந்தது. 1995இல் யுன்னானின் செம்மஞ்சள் நிற விலங்கு ஷான்ஜிங் ஆனது. 2013இல் வட தாய்லாந்தில் உயெனோய். 2014இல் மியன்மாரின் ஷான் மலையில் ஷானோரம். 2015இல் மட்டும் மூன்று: லாவோஸில் பொடிக்திஸ், வியட்நாம் பக்கத்தில் அங்குலிசெப்ஸ், கிழக்கு நேபாளத்தின் இலாம் மாவட்டத்திலிருந்து ஹிமாலயானஸ். டார்ஜீலிங் மலையில் இருப்பதும் இந்தக் கடைசிப் பெயருக்குள்தான் வருகிறது. அந்தச் சாதியில் இப்போது முப்பதுக்கு மேல் இனங்கள்.

ஆகவே சுவர்ப்படத்தில் நேபாளம், டார்ஜீலிங் இரண்டுக்கும் ஹிமாலயானஸ், 2015 என்று எழுதுங்கள். இலத்தீன் எழுத்தில் எழுதும்போது சாதிப் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரிது. கையால் எழுதுவதென்றால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி அடிக்கோடு. ஒரே கோடாக இழுத்தால் பிழை.

உப்புவெளி | 17 நவம்பர், காலை 7.05

வரைபடம் போடுகிறீர்கள் என்றால் இதையும் பாருங்கள். இலாமுக்கும் டார்ஜீலிங்குக்கும் இடையே நேர்கோட்டில் 40 கிலோமீற்றர் கூட இல்லை. டார்ஜீலிங்கிலிருந்து தெங்சொங்குக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல், அதாவது பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான தூரத்தின் இரண்டு மடங்கைவிடக் கூட. பழைய குறிப்பு அந்த இடைவெளி முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பியிருக்கும். நடுவில் பிரமபுத்திராச் சமவெளி கிடக்கிறது. மலைக் குளத்தில் வாழும் விலங்கு அந்தத் தாழ்ந்த வெப்ப நிலத்தில் இல்லை.

நிறம் தீட்ட வேண்டாம். புள்ளி வையுங்கள். நம்பகமான பதிவு உள்ள இடத்துக்கு ஒரு புள்ளி, மாதிரி விலங்கு எடுக்கப்பட்ட மூல இடத்துக்கு நட்சத்திரம். பழைய அருங்காட்சியகச் சீட்டில் வெறுமனே "டார்ஜீலிங்" என்று மட்டும் இருந்தால் அது நகரமாகவும் இருக்கலாம், மாவட்டத்தின் ஏதோ ஒரு மூலையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட புள்ளியை வெற்று வட்டமாக விட்டு, பக்கத்தில் "± 20 கி.மீ." என்று எழுதுவது நேர்மையான வழி.

ஆள்கூறு எழுதும்போது அகலக்கோடு முதலில், நெட்டாங்கு பிறகு. பிள்ளைகள் அடிக்கடி மாற்றிப் போடுவார்கள். திருகோணமலை 8.57, 81.23. இதை மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக் கடலில் போய் விழும், உடனே கண்ணில் படும். டார்ஜீலிங்கின் 27.04, 88.26 ஐ மாற்றினாலும் வடமுனைக்குப் பக்கத்தில்தான் விழும். ஆனால் தசமத்தில் ஒரு இலக்கம் பிழைத்தால் கண்ணில் படாது. இரண்டாம் தசமத்தில் ஒன்று கூடினால் புள்ளி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நகரும். மலைநாட்டில் அது அடுத்த பள்ளத்தாக்கு.

சாம்பல்தீவு ரீச்சர் | 17 நவம்பர், மாலை 5.30

சரி, மாற்றுகிறோம். "தெற்காசியாவின் ஒரே சலமந்தர்" என்ற வரி நிற்கலாமா?

மட்டிக்களி | 17 நவம்பர், இரவு 8.50

நிற்காது. இரண்டு காரணம்.

ஒன்று, மணிப்பூர் விலங்கையும் அண்மையில் ஸாய்மெங் என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். இந்தியாவுக்குள்ளேயே இப்போது ஒன்றுக்கு மேல்.

இரண்டு, ஆப்கானிஸ்தான். 2007இலிருந்து அதுவும் சார்க் நாடு, தெற்காசியப் பட்டியல் என்றால் விடமுடியாது. காபூலுக்கு மேற்கே பக்மான் மலைகளின் நீரோடைகளில் ஒரு சலமந்தர் உண்டு. 1940இல் மல்கம் ஸ்மித் அதை பட்ராகுபெரஸ் மஸ்டர்ஸி என்று விவரித்தார். சாதி மாறிப் பரடாக்டிலோடன் ஆகி, இப்போது ஆப்கனோடன் மஸ்டர்ஸி. உலகத்தில் வேறெங்கும் இல்லை. 2,400 மீற்றருக்கு மேல், பனி உருகி வரும் குளிர் நீரில் மட்டும் வாழ்கிறது. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் செம்பட்டியலில் மிக உச்ச ஆபத்து நிலை. ஓடை நீரை வயலுக்குத் திருப்பினால் கீழே மிஞ்சும் தண்ணீர் குறைந்து, வெயிலில் சூடாகிவிடும். அதற்கு அதுவே போதும். உண்மையில் "அரிய சலமந்தர்" என்ற தலைப்புக்கு இமயமலையதைவிட இதுதான் பொருந்தும். தயவுசெய்து இதற்கு ஒரு மூலை ஒதுக்குங்கள்.

இரண்டும் வேறு வேறு குடும்பம் என்பதும் எழுதவேண்டியது. பக்மான் விலங்கின் குடும்பத்தில் பெண் சோடியான முட்டைப் பைகளைக் கல்லின் அடியில் ஒட்டும், ஆண் வெளியே கருக்கட்டும். டைலோட்டோட்ரைட்டனில் ஆண் விடும் விந்துப் பொதியைப் பெண் உள்ளே எடுத்துக்கொள்ளும், முட்டையைத் தனித்தனியாக நீர்க்கரைச் செடியில் இடும்.

அடைப்புக்குறி பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முதலில் விவரித்த சாதியிலிருந்து இனம் வேறு சாதிக்கு மாறியிருந்தால் ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும்: ஆப்கனோடன் மஸ்டர்ஸி (ஸ்மித், 1940). மாறாவிட்டால் அடைப்புக்குறி இல்லை: டைலோட்டோட்ரைட்டன் வெருகோசஸ் அண்டர்சன், 1871. இது அலங்காரத்துக்குப் போடும் குறி இல்லை. அந்த இனத்தின் சாதி மாறியதா இல்லையா என்பதை இது ஒன்றே சொல்லிவிடும்.

கிண்ணியா வயல் | 18 நவம்பர், காலை 6.20

இலங்கையில் சலமந்தர் இல்லை என்று எழுதப் போகிறீர்களா? படம் இணைத்திருக்கிறேன். நேற்று வாய்க்கால் கரையில் எடுத்தது. நாலு கால், நீட்டு வால், தோல் வழுவழு. பல்லிக்கு உள்ள செதில் இல்லை. கைபேசிச் செயலியும் சலமந்தர் என்றுதான் காட்டுகிறது.

மட்டிக்களி | 18 நவம்பர், காலை 10.40

நல்ல படம், நானா. கிட்ட நின்று எடுத்திருக்கிறீர்கள், அதனால் சொல்ல முடிகிறது. இது வால் இன்னும் உள்ளிழுக்கப்படாத தவளைக்குஞ்சு.

படத்தைப் பெருப்பித்துப் பின்காலைப் பாருங்கள். தொடை தடித்து, கால் மூன்றாக மடிந்து, மடித்த முழங்கால் உடலுக்கு வெளியே நிற்கிறது. சலமந்தரின் முன்காலும் பின்காலும் கிட்டத்தட்ட ஒரே நீளம், பக்கவாட்டில் நீட்டி நிற்கும். விரலை எண்ணிப் பயனில்லை: இரண்டுக்கும் பொதுவாக முன்னால் நாலு, பின்னால் ஐந்து. நகம் இல்லாததும் உதவாது. வாலை மேலிருந்து பாருங்கள், அடியில் அகலமாக இருந்து சட்டென்று கறுத்து ஒடுங்குகிறது. உள்ளிழுக்கப்படும் வால் அப்படித்தான் இருக்கும். சலமந்தரின் வால் இடுப்பிலிருந்து சீராக நீளும்.

நீருக்குள் இருக்கும்போது பிரிப்பது இன்னும் எளிது. வாற்பேய்க்கு (தலைப்பிரட்டை) பின்கால்தான் முதலில் வெளியே வரும். சலமந்தரின் இளம் உருவமான குடம்பிக்கு முன்கால் முதலில் வரும், அதோடு கழுத்தின் இரு பக்கமும் இறகு போன்ற வெளிப்பூக்கள் (செவுள்கள்) தொங்கும். தவளையின் வெளிப்பூ பொரித்த சில நாளிலேயே மறைந்துவிடும், பிறகு பூ மூடிக்குள்ளே.

மாரி மழை பிடித்து வயலில் தண்ணீர் ஏறும் இந்த மாதங்களில் வாய்க்கால் நெடுக இப்படிக் குஞ்சுகள் ஏறும். வாலோடு நிற்பது சில நாள் மட்டும், அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. செயலியில் இடத்தைப் பதியாமல் படத்தை மட்டும் கொடுத்தால் உலகம் முழுவதையும் தேடி உருவத்துக்குக் கிட்டியதைச் சொல்லும். இடத்தைப் போட்டு மறுபடி பாருங்கள்.

கிண்ணியா வயல் | 18 நவம்பர், பகல் 12.15

இடம் போட்டேன். தவளை என்று மாறிவிட்டது. பின்கால் நீங்கள் சொன்ன மாதிரியேதான். படம் பதிவில் இருக்கட்டும், எந்தத் தவளை என்று யாராவது சொல்வார்கள்.

மூதூர் | 19 நவம்பர், இரவு 7.30

அப்போ சிவப்பு வால் உள்ளது எது? பூச்சாடியைத் தூக்கினால் ஓடும். விரல் நீளம், மினுமினுப்பு, கால் இருக்கா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சின்னக் கால். இங்கே சிலர் அதையும் சலமந்தர் என்கிறார்கள்.

மட்டிக்களி | 19 நவம்பர், இரவு 9.00

அது ஒரு அரணைக்குஞ்சு, ரியோபா பங்டேட்டா (முன்பு லைகோசோமா). குஞ்சில் வால் செக்கச் செவேலென்று இருக்கும், வளர வளர மங்கும். மினுமினுப்பைக் கண்டு ஈரம் என்று நினைக்கிறார்கள். தொடாமலே சரிபார்க்கலாம்: உருப்பெருக்கியால் பார்த்தால் ஓடு அடுக்கியது போலச் செதில், செதிலில் கறுப்புப் புள்ளி வரிசையாகப் போகும், விரல் நுனியில் நகம், கண்ணுக்குப் பின்னால் காதுத்துளை. சலமந்தருக்கு இந்த மூன்றும் இல்லை. விரல் முன்னாலும் ஐந்து.

இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. 1758இல் லின்னேயஸே ஐரோப்பியச் சலமந்தரைப் பல்லிகளோடு லாசெர்டா என்ற சாதிக்குள்தான் வைத்தார். இலங்கையின் காலில்லாத ஈரூடகவாழியான இக்தியோபிஸ் குளூட்டினோசஸையும் அதே நூலில் சிசிலியா குளூட்டினோசா என்று பெயரிட்டுப் பாம்புகளோடு சேர்த்தார். உருவத்தை மட்டும் வைத்து அடுக்கினால் அங்கேதான் போய் நிற்கும். தோலையும் குடம்பியையும் பார்த்த பிறகுதான் ஈரூடகவாழி தனியாகப் பிரிந்தது.

சாம்பல்தீவு ரீச்சர் | 20 நவம்பர், மாலை 6.10

வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. டார்ஜீலிங் குளிர், நுவரெலியாவும் குளிர். தேயிலை, மூடுபனி, குளம் எல்லாம் இரண்டிலும் உண்டு. அங்கே இருக்கிற சலமந்தர் இங்கே ஏன் இல்லை?

மட்டிக்களி | 20 நவம்பர், இரவு 9.40

அருமையான கேள்வி. காலநிலை இதற்கு விடை இல்லை, வந்த பாதைதான் விடை.

சலமந்தர் வடக்குக் கண்டங்களின் கூட்டம்: வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா. ஆபிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே இல்லை, அவுஸ்திரேலியாவில் இல்லை. இந்தியாவும் இலங்கையும் ஒட்டியிருந்த தட்டு கோண்டுவானா என்ற பழைய தென்கண்டத்திலிருந்து பிரிந்து தனியாக வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு முட்டியது. அந்தத் தட்டு சலமந்தர் இல்லாமலே வந்தது. முட்டிய பிறகு கிழக்கிலிருந்து மலைவழியாக வந்தவை கிழக்கு நேபாளம் வரைதான் எட்டின. அங்கிருந்து மேற்கே போகப் போக இமயம் வறண்டுகொண்டே போகிறது. தெற்கே கங்கைச் சமவெளி. அதைத் தாண்டித் தென்னிந்திய மலைகளுக்கு வந்திருந்தால்தானே பாக்குநீரிணைப் பக்கம் பற்றிக் கதைக்கலாம்.

காலில்லாத ஈரூடகவாழிகள் இதற்கு நேர்மாறு. கோண்டுவானாக் கூட்டம், தட்டோடு சேர்ந்தே வந்தது. அதனால் சுவர்ப்படத்தில் இலங்கைக்கு உரிய இடத்தை வெறுமையாக விடாமல் இக்தியோபிஸ் மூன்றையும் போடுங்கள்: குளூட்டினோசஸ், சூடாங்குலாரிஸ், ஓர்தோப்ளிகேட்டஸ். மூன்றும் இந்தத் தீவுக்கு மட்டுமே உரியவை. முதல் இரண்டுக்கும் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை உண்டு, மூன்றாவதற்கு இல்லை. கடைசி இரண்டையும் விவரித்தது எட்வர்ட் டெய்லர்: சூடாங்குலாரிஸ் 1960இல், ஓர்தோப்ளிகேட்டஸ் 1965இல்.

உப்புவெளி | 21 நவம்பர், காலை 8.00

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இப்படி ஒரு பழைய இனத்தை வெட்டி வெட்டிப் பத்து இனமாக்குவதில் பாதி, இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) மரபணு ஒன்றை வைத்துச் செய்தது. இழைமணி தாய்வழியில் மட்டும் போவது. அண்டைக் குளத்து விலங்குகள் கலந்தாலும் அது காட்டாது. ஷான்ஜிங்கும் வெருகோசஸும் உண்மையில் இரண்டா என்று அந்த ஆய்வாளர்களுக்குள்ளேயே இழுபறி இருக்கிறது. நாளைக்கு மறுபடி ஒட்டிவிட்டால் பிள்ளைகள் படித்தது வீண்.

மட்டிக்களி | 21 நவம்பர், இரவு 10.05

ஷான்ஜிங் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவை பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன, நிறம்தான் பெரிய வேறுபாடு, மரபணு இடைவெளி சின்னது. ஹிமாலயானஸ் அப்படி இல்லை. நீங்களே அளந்து காட்டிய ஆயிரம் கிலோமீற்றர் நடுவில் கிடக்கிறது. தலையின் எலும்பு வரம்பு, நடுமுதுகு வரம்பு, வால் என்று உருவத்திலும் பிரிகிறது. ஒன்று கேள்விக்குறியோடு நிற்கிறது என்பதற்காக மற்றதையும் ஒட்டிவிட முடியாது. சுவர்ப்படத்தில் ஆண்டைப் போடச் சொன்னது இதற்காகத்தான். பெயர் பிறகு மாறினாலும், எந்த ஆண்டு நிலவரம் என்று படிப்பவருக்குத் தெரியும்.

பிரிப்பதால் என்ன வந்தது என்பதையும் பாருங்கள். நேபாளம் முதல் வியட்நாம் வரை ஒரே இனம் என்று இருந்தபோது அது எங்கும் பரந்த விலங்கு, யாரும் கவலைப்படவில்லை. டார்ஜீலிங்கில் ஒரு குளம் தூர்ந்தால் கணக்கில் ஒரு புள்ளி குறையும், அவ்வளவுதான். இப்போது அதே குளம் ஒரு சின்ன இனத்தின் சொத்து. சுக்கியாபொக்ரிப் பக்கத்தில் ஜோர்பொக்ரி என்ற சரணாலயம் இந்தச் சலமந்தருக்காகவே இருக்கிறது. பரப்பு 0.04 சதுர கிலோமீற்றர், நம்மூர்க் கணக்கில் பத்து ஏக்கர் வயல்.

அந்தக் குளங்களில் எது கெடுக்கும் என்பதை எழுதுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிரயோசனம். அழகுக்கென்று மீன் விடுவது முதல் கேடு. மீன் முட்டையையும் குடம்பியையும் தின்றுவிடும். கரைக்குச் சீமெந்து பூசுவது அடுத்தது. மழைக்கு முன் குளத்துக்கு இறங்கி, இனப்பெருக்கம் முடிந்து ஏறி, குளிர்காலத்தில் கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் ஒடுங்குகிற விலங்கு இது. செங்குத்துச் சுவர் அந்த வழியை அடைத்துவிடும். முட்டை இடச் செடி வேண்டும், கரைப்புல்லை வழித்துத் துப்புரவாக்கினால் இட இடம் இல்லை. மேலே தேயிலைக்கு அடிக்கும் மருந்து மழையோடு கீழே இறங்கும். குளம் மட்டும் பாதுகாப்பு எல்லைக்குள் இருந்து, சுற்றியுள்ள காடு வெளியே நின்றால் ஆண்டில் பாதி விலங்குக்குப் பாதுகாப்பில்லை.

உப்புவெளி | 22 நவம்பர், காலை 7.45

அந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்கிறேன். செம்பட்டியல் அளவுகோலும் அதைத்தான் பிடிக்கிறது. வெளிப்புறப் புள்ளிகளை எல்லாம் உள்ளுக்குள் வளையாத கோட்டால் சுற்றி வளைத்துப் பரப்பைக் கணக்கிடுவார்கள். 20,000 சதுர கிலோமீற்றருக்குக் கீழே வந்தால் பாதிக்கப்படக்கூடிய நிலை, 5,000க்குக் கீழே ஆபத்து நிலை. பரப்பு மட்டும் போதாது. இடங்கள் துண்டுபட்டிருப்பது, தொடர்ந்து குறைவது போன்றவையும் சேரவேண்டும். திருகோணமலை மாவட்டம் 2,727 சதுர கிலோமீற்றர். ஆபத்து நிலையின் வரம்பு அதன் இரண்டு மடங்குகூட இல்லை.

இரண்டாவது அளவு, விலங்கு உண்மையில் இருக்கும் 2 × 2 கிலோமீற்றர்க் கட்டங்களை எண்ணுவது. குளத்து விலங்குக்கு இந்த எண் மிகச் சிறியதாக வரும். பிள்ளைகள் தாளில் கட்டம் போட்டு இரண்டையும் செய்து பார்க்கலாம். ஒரு தொலைவுப் புள்ளி பிழையாக இருந்தால் முதல் பரப்பு எப்படி ஊதிப்போகிறது என்று அவர்களே காண்பார்கள். மணிப்பூர்ப் புள்ளியை ஹிமாலயானஸோடு சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.

கிண்ணியா வயல் | 23 நவம்பர், மாலை 4.50

அலங்கார மீன் வைத்திருக்கிற ஒரு பொடியன் அக்சலோட்டல் வாங்கப் போகிறானாம். அதுவும் சலமந்தர்தானே? இங்கத்தைச் சூட்டுக்கு நிற்குமா?

மட்டிக்களி | 23 நவம்பர், இரவு 8.20

ஓம், மெக்சிகோவின் சொச்சிமில்கோ நீர்வழிகளுக்குரிய சலமந்தர், வயது வந்தும் குடம்பி உருவத்திலேயே வெளிப்பூவோடு இருப்பது. அதற்கு 16 முதல் 18 பாகை வேண்டும். 24க்கு மேல் தொடர்ந்து போனால் சாப்பாட்டை விடும், தோலில் பூஞ்சணம் வரும், சாகும். நம்மூரில் தண்ணீர்க் குளிரூட்டி இரவு பகல் ஓடவேண்டும், மின்சாரம் நின்றால் முடிந்தது. வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னும் பெரிய காரணம் நோய். சலமந்தர்களைக் கொல்லும் பட்ராகோகைட்ரியம் சலமந்திரிவோரான்ஸ் என்ற பூஞ்சணம் 2013இல் நெதர்லாந்து விலங்குகளில் அடையாளம் காணப்பட்டது. பிறப்பிடம் ஆசியா, ஐரோப்பாவுக்குப் போனது விலங்கு வியாபாரத்தோடு என்று கருதுகிறார்கள். அதன் உறவுப் பூஞ்சணம் தவளைகளைக் கொல்வது. வாங்கிய தொட்டித் தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றவே கூடாது. வலை, வாளி எல்லாவற்றையும் வெளிற்றும் தூள் கரைசலில் ஊறவைத்து, கழுவி, வெயிலில் முற்றாகக் காயவிட வேண்டும். டைலோட்டோட்ரைட்டன் சாதி முழுவதும் 2019இலிருந்து வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது, அனுமதித் தாளில்லாமல் நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது.

மூதூர் | 24 நவம்பர், காலை 9.10

இக்தியோபிஸ் நம்ம பக்கமும் உண்டா? கிணற்றடிச் சேற்றில் கறுப்பாய் நெளிவது ஒன்றைப் பிள்ளைகள் அடிக்கடி காண்கிறார்கள்.

மட்டிக்களி | 24 நவம்பர், இரவு 7.55

அவை பெரும்பாலும் ஈரவலயமும் மலைநாடும். வறண்ட வலயக் கிணற்றடியில் நெளிவது அநேகமாகப் புழுப்பாம்பு. பிரிக்கும் வழி இது: புழுப்பாம்பு வெண்கலம் போல வழவழக்கும், வால் நுனியில் சின்ன முள் இருக்கும், கையில் எடுத்தால் அதை அழுத்தும். இக்தியோபிஸுக்கு உடல் முழுக்க நெருக்கமான வளையங்கள், தோலில் கொழகொழவென்று சளி, கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே வெளியே நீட்டி உள்ளே இழுக்கும் ஒரு சின்ன உணர்கொம்பு. அந்த உணர்கொம்பு தெரிந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

படம் மூன்று வேண்டும்: தலை பக்கவாட்டில், நடுவுடல் பக்கவாட்டில், வால் நுனி கீழிருந்து. பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். கை ஈரமாக இருக்கட்டும், உப்பும் சவர்க்காரமும் படக்கூடாது. போத்தலில் போட வேண்டாம். அனுமதி இல்லாமல் பிடித்து வைப்பது வனசீவராசிகள் சட்டத்துக்கு முரண். உணர்கொம்பு தெரிகிற படம் வந்தால் ஆள்கூறோடு இங்கேயே போடுங்கள், உப்புவெளி அண்ணை வரைபடத்தில் ஏற்றுவார்.